இவர் சொல்லும் ஒரே வார்த்தை

ஜூன் 9, செவ்வாய்

காலையிலிருந்தே மேல்காற்று. ஜன்னல் கம்பியில் விரல் வைத்தால் புழுதி. இரண்டு முறை துடைத்தாயிற்று. மூன்றாவது முறை துடைக்கப் போவதில்லை.

செய்ய வேண்டியவை: கேழ்வரகு சலிக்க. மெடிக்கலில் டேப், பஞ்சு. பள்ளிக்கூடத்துக்கு விடுப்பு நீட்டிப்புக் கடிதம் (ஹெச்.எம். முகம் சுளிப்பாள், சுளிக்கட்டும்). இவருக்கு நகம் வெட்ட. கை உறை இரண்டும் துவைக்க.

நேற்று டாக்டர் சொன்னதை இன்றுதான் எழுத முடிகிறது. இவருக்குப் பக்கவாதம் வந்து ஏழு வாரம். வலது கையும் காலும் அசைவதில்லை. மூக்கில் குழாய், கஞ்சி, பால், மாத்திரைப் பொடி எல்லாம் அது வழியாகத்தான். இனி மூக்குக் குழாயை நீட்டிக்க முடியாதாம். 19 வெள்ளி பரிசோதனை. சொன்னது புரிகிறது, வாயால் விழுங்க வருகிறது என்றால் பயிற்சி. இல்லையென்றால் வயிற்றில் துளை போட்டுக் குழாய். சம்மதப் படிவத்தைக் கையிலேயே கொடுத்து அனுப்பிவிட்டார். மனைவி கையெழுத்து என்று ஓர் இடம்.

போட மாட்டேன். வயிற்றில் குழாய் வைத்துவிட்டால் அதோடு வாய் முடிந்தது. அயிலை மீன் குழம்பு வைத்தால் சட்டியை வழித்துச் சாப்பிடுகிற மனுஷர்.

பேச்சும் போய்விட்டது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது சரியில்லை. ஒரு வார்த்தை மட்டும் இருக்கிறது. ஆரியா. குழறல் இல்லாமல், கடைசி எழுத்தை இழுத்து, கொஞ்சம் அதட்டலாக.

பேச்சுப் பயிற்சிக்கு வாரம் இரண்டு நாள் வரும் நித்யா சொல்வது: "அதுக்கு அர்த்தம் கிடையாது மேடம். பேச்சு போனவங்களுக்கு ஏதாவது ஒரு சத்தம் மட்டும் ஒட்டிக்கிட்டு நிக்கும். எதுக்கெடுத்தாலும் அதையே சொல்லுவாங்க."

இருபத்தொன்பது வருஷம் குடித்தனம் செய்தவள் நான். அர்த்தத்தோடு பேசவே யோசிக்கிற ஆள் இவர். அர்த்தமில்லாமலா பேசப் போகிறார்?

எதிர்வீட்டு ராஜம்மா சாயங்காலம் வந்து குரலைத் தாழ்த்தி, "டீச்சரக்கா, தப்பா நெனைக்காதிய. அது ஏதும் பொம்பள பேரா இருக்குமோ?"

அப்படி ஒருத்தி இருந்திருந்தால் இந்த ஊர் நாலாம் நாளே எனக்குச் சொல்லியிருக்கும். ராஜம்மாவே முந்தி நின்று சொல்லியிருப்பாள்.


ஜூன் 10, புதன்

காற்று குறையவில்லை. கொடியில் போட்ட துணி பக்கத்து வீட்டில்.

பாஸ்டர் ஐயா ஜெபிக்க வந்தார். வார்த்தையைக் கேட்டார். எபிரேயமாக இருக்கலாமாம், பார்த்துச் சொல்கிறாராம். இவருக்கு எபிரேயம் எங்கே வந்தது? ஞாயிறு பிரசங்கத்திலேயே தூங்குகிறவர்.

பள்ளிக்கூடத் தமிழ் டீச்சருக்குப் போன். அகராதியைப் புரட்டி நாலு பொருள் வாசித்தாள். படுக்கையில் கிடக்கிறவர் ஒரு நாளைக்கு இருபது தடவை அதட்டிச் சொல்கிற மாதிரி ஒன்றுகூட இல்லை.

சரி. புத்தகத்தில் இல்லையென்றால் சோதனைதான். பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவள் அர்த்தத்துக்காக அடுத்தவர் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பது கேவலம். கோடு போட்ட நோட்டு ஒன்று எடுத்து நாலு பத்தி பிரித்தேன். நேரம். அப்போது நடந்தது. எத்தனை முறை. முகம்.


ஜூன் 11, வியாழன்

6.10 கஞ்சி. சிரிஞ்சில் ஊற்றித் தூக்கிப் பிடித்தேன். 3 முறை. கடுகடு.
7.00 கட்டில் தலைப்பக்கத்தை முழுசாக உயர்த்தினேன். 2.
9.15 பால். 4. பிறகு வாந்தி. விரிப்பு, சட்டை மாற்றம்.
11.30 பியூலா வீடியோவில். 0. மகளைப் பார்த்தால் முகம் தெளிகிறது.
2.00 கஞ்சி. 3.
4.20 ஒன்றும் நடக்கவில்லை. காக்கா கூடக் கத்தவில்லை. 1. விளங்கவில்லை.
5.00 ராஜம்மா வந்து உட்கார்ந்தாள். 0. ஆனால் கடுகடு.

பியூலா கோயம்புத்தூரிலிருந்து தினமும் இதே பாட்டு: "எம்மா, மூக்குல அந்தக் கொழாயோட அப்பா படுத பாடு எனக்குப் பாக்கவே முடியல. வயித்துல வச்சா நிம்மதியா இருப்பாங்க. கையெழுத்துப் போடுங்க."

"வயித்துல வச்சிட்டா அதுக்கப்புறம் எவ வாயில ஊட்டுவா? அப்பிடியே விட்டுருவாக."

"யாரு விட்டுருவா? நீங்கதானம்மா பாக்கப் போறிய?"

போனை வைத்துவிட்டேன். பெற்றவளிடமே கணக்கு வாத்தியார் மாதிரி கேட்கிறாள்.


ஜூன் 12, வெள்ளி

நித்யா வந்தாள். "கண்ணை மூடுங்க" என்றாள். மூடவில்லை. "நாக்கை நீட்டுங்க." நீட்டவில்லை. "உங்க மனைவி யாரு, காட்டுங்க." என்னையே பார்த்தார், அவ்வளவுதான். மூன்று பெருக்கல் குறி போட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரோ முன்பின் தெரியாத பெண் வந்து நாக்கை நீட்டு என்றால் நல்லாயிருக்கும்போதே நீட்டியிருக்க மாட்டார்.

இடது கை நன்றாக இருக்கிறது, அதுதான் தொல்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு முறை குழாயைப் பிடுங்கிவிட்டார். அங்கேயே அந்தக் கைக்கு உறை போட்டுக் கட்டிலோடு கட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் பழைய துவாலையில், மாற்றி மாற்றிப் போட, நானே இரண்டு உறை தைத்தேன். உள்ளே பஞ்சு, மணிக்கட்டில் நாடா. கை வலிக்காது. குழாய் மாற்ற வந்த நர்ஸ் கூட நல்லா தைச்சிருக்கீங்க என்றாள். நாள் முழுக்க அதற்குள் மணிக்கட்டை உருட்டிக்கொண்டே இருக்கிறார். பழகவில்லை இன்னும்.


ஜூன் 13, சனி

மணி பத்து. அவசரத்தில் எழுத்து கோணல்.

நோட்டை மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு இன்று காலை பல் தேய்க்கும்போது பட்டது. கஞ்சி, பால், கட்டில். மூன்றிலும் நான் எதையோ மேலே தூக்குகிறேன்.

9.15 பால். சிரிஞ்சை வழக்கம்போலத் தலைக்கு மேல் பிடித்தேன். ஆரியா. கொஞ்சம் இறக்கினேன். ஆரியா, குரல் தணிந்து. நெஞ்சு மட்டத்துக்கு இறக்கினேன். பேசவில்லை. திரும்ப உயர்த்தினேன். ஆரியா! இறக்கினேன். பேசவில்லை. நாலு தடவை மாற்றி மாற்றி. நாலிலும் அப்படியே. பால் மெதுவாக இறங்கியது. வாந்தி இல்லை.

உயரம் கூடினால் அழுத்தம் கூடும். வருஷா வருஷம் போர்டில் படம் போட்டு நடத்துகிறேன். வீட்டில் இந்த மனுஷர் வயிற்றுக்குள் இத்தனை நாளாக வேகவேகமாக ஊற்றிக்கொண்டு, வாந்தி எடுத்தால் கஞ்சி சரியில்லை என்று கேழ்வரகை மாற்றியிருக்கிறேன். இறக்கு, இறக்கு என்று கத்தியிருக்கிறார். அடுப்படியில் போய் அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு பியூலாவைக் கூப்பிட்டேன்.

"தற்செயலா இருக்கும்மா."

நித்யாவைக் கூப்பிட்டேன். "இருக்கலாம் மேடம். ஆனா ஒரு வார்த்தையை வெச்சு டாக்டர் ஒத்துக்க மாட்டாரு. நாம கேக்கறதுக்கு அவர் பதில் சொல்லணும்."

ஒத்துக்கொள்ள வைக்கிறேன். இது எந்த ஊர் வார்த்தை என்று முதலில் தெரிய வேண்டும். எங்கள் நாசரேத் பக்கம் கிடையாது. இவருடைய சாத்தான்குளத்துச் சொந்தக்காரர்கள் இரண்டு பேரிடம் கேட்டேன், அங்கேயும் கிடையாது. மிச்சம் துறைமுகம்தான்.

முப்பது வருஷம் அங்கே வேலை பார்த்தார். கப்பலின் மேல்தட்டில் நின்று கிரேன்காரருக்குச் சைகை காட்டுகிற சிக்னல்மேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவே. அங்கேயே குளித்து, வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவார். இன்றைக்கு என்ன கப்பல் என்று கேட்டால், "நிலக்கரி" அல்லது "மரம்". அதற்கு மேல் நானும் கேட்டதில்லை.


ஜூன் 14, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. இவருடைய பழைய போன் புத்தகத்தில் சந்தியாகு அண்ணன் நம்பர் தேடினேன். இவருக்கு ஜோடியாகக் கிரேன் ஓட்டியவர், திரேஸ்புரத்துக்காரர். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்குப் பெரிய மீன் ஒன்றோடு வருவார். ஆஸ்பத்திரிக்கும் வந்தார், கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். நம்பர் உபயோகத்தில் இல்லையாம்.

நாளைக்கு நேரிலேயே போகிறேன். ராஜம்மாவிடம் சொல்லியாயிற்று, இவரோடு இருப்பாள். 9.15 பாலை நெஞ்சு மட்டத்தில்தான் பிடிக்க வேண்டும் என்று ஸ்கேல் வைத்துக் காட்டினேன். "ஏயப்பா, பரீட்சையாக்கா வைக்கிய?" என்றாள்.


ஜூன் 15, திங்கள்

திரேஸ்புரம். ஆட்டோவில் போய் இறங்கி மூன்று பேரிடம் விசாரித்து, வள்ளங்கள் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் நிழலில் கண்டுபிடித்தேன். பதறி எழுந்துவிட்டார்.

"என்ன டீச்சர், துரைக்கு ஏதும்...?"

இவருக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி, வார்த்தையைக் கேட்டேன்.

"ஆரியாவா? அது எங்க கப்பல் வேலைப் பாஷையில்லா! லோடை இறக்குன்னு அர்த்தம். பறங்கிக்காரன் காலத்துல இருந்து வாரதுன்னு எங்க பெரியாக்க சொல்லுவாக. இப்ப உள்ள பயலுவளுக்குத் தெரியாது, வாக்கி டாக்கில இங்கிலீசுல பேசிக்கிடுதான்."

அந்த இடத்தில் எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமா? நான் சொன்னது சரி. நோட்டு சரி. பெருமையோடு கேட்டேன், இவர் கீழே நின்று ஆரியா என்றால் மேலே கிரேனில் உங்களுக்குக் கேட்குமா என்று.

சிரித்தார். "அந்தச் சத்தத்துல இடி விழுந்தாலும் கேக்காது டீச்சர். வாய் அது பாட்டுக்குச் சொல்லும், பழக்கம். நான் பாக்கது கைய. இருவது வருசத்துக்கு மேல துரை கைய மட்டுந்தான் பாத்தேன். மூஞ்சிய பாக்கக் கூடாது, வேற எவன் கத்துனாலும் கேக்கக் கூடாது. அந்தக் கை சொன்னா லோடு எறங்கும், இல்லன்னா அந்தரத்துல அப்படியே நிக்கும்."

காட்டினார். ஒரு விரலைக் கீழே நீட்டி மணிக்கட்டை உருட்டினால் இறக்கு. மேலே நீட்டி உருட்டினால் தூக்கு. உள்ளங்கையைக் கவிழ்த்து அசையாமல் வைத்தால் நிறுத்து. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துச் சேர்த்துப் பிரித்தால் மெதுவாக.

மணிக்கட்டை உருட்டினால்.

"இடது கை நல்லாத்தான இருக்கு? கை காட்டுதாரா?" என்று கேட்டார்.

"உறை போட்டுக் கட்டியிருக்கேன்" என்றேன்.

ஒன்றும் திட்டவில்லை. "கழத்திருங்க டீச்சர்."

ஆட்டோவில் வரும் வழியெல்லாம் அழுகை. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "அம்மா, ஆஸ்பத்திரிக்குப் போணுமா?" என்றார். ஏழு வாரம். பஞ்சு வைத்து, நாடா வைத்து, நர்ஸிடம் பாராட்டு வாங்கி, மனுஷர் வாயை நானே மூடி வைத்திருக்கிறேன். மூன்று நாளாக நோட்டில் முகத்தை எழுதினேன், கைக்கு ஒரு பத்தி போடவில்லை.

12.40. உறையைக் கழற்றினேன். தன் கையைத் தானே திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நேராக மூக்குக்குக் கொண்டுபோனார். குழாயைப் பிடுங்கப் போகிறார் என்று மணிக்கட்டைப் பிடித்தேன். பிறகு வருவது வரட்டும் என்று விட்டேன்.

மூக்கைச் சொறிந்தார். நெடுநேரம், கண்ணை மூடிக்கொண்டு.


ஜூன் 16, செவ்வாய்

சந்தியாகு அண்ணன் வந்தார், கையில் பாறை மீன் ஒன்றோடு. சாப்பிட முடியாதவர் வீட்டுக்கு மீன். வாங்கிக்கொண்டேன்.

கட்டிலுக்குப் பக்கத்தில் வரவில்லை. வாசல் பக்கம் போய்த் தள்ளி நின்று, முழங்கையை மடக்கி, கிரேனில் உட்கார்ந்த பாவனையில் இவர் கையைப் பார்த்தார். இவர் அவரைப் பார்த்தார். இவர் விரல் மேலே போய் உருண்டது.

"கட்டில் தலைய ஏத்தணுமாம்."

ஏற்றினேன். உள்ளங்கை கவிழ்ந்தது. நிறுத்தினேன். சரியாக ஜன்னல் வழியே வேப்பமரம் தெரிகிற உயரம். இத்தனை நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார்.

நோட்டில் நாலு சைகையும் படம் போட்டேன். இவரிடம் காட்டி, ஆமாம் என்றால் மேலே, இல்லை என்றால் உள்ளங்கை என்று பேசி வைத்தோம். தலை வலிக்கிறதா? இல்லை. குளிருகிறதா? இல்லை. ராஜம்மா ஓயாமல் பேசினால் எரிச்சலா? மேலே, மேலே, மேலே. ராஜம்மா உள்ளேதான் இருந்தாள். இரண்டு நாளைக்கு வர மாட்டாள்.


ஜூன் 17, புதன்

நித்யாவுக்குக் காட்டினோம். வீடியோ எடுத்தாள். பத்துக் கேள்வியில் எட்டு சரி. "மேடம், நான் சொன்னது தப்பு. இதை நான் பார்த்திருக்கணும்" என்றாள். தப்பை ஒத்துக்கொண்ட பிறகு இந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது.

கெட்டியான கஞ்சி, அரைக் கரண்டி, வாயில். பக்கவாதம் வந்த பிறகு முதல் முறை. விழுங்கினார். இரண்டாவது, விழுங்கினார். மூன்றாவதில் இருமல், கண்ணில் நீர், முகமெல்லாம் சிவப்பு. நித்யா நிறுத்திவிட்டாள். மனசு தயார், தொண்டை தயாராகவில்லை என்கிறாள். மாதக்கணக்காகும் என்கிறாள்.

இரண்டு கரண்டி இறங்கியதா இல்லையா? வெள்ளிக்கிழமைக்குள் நாலாக்குகிறேன்.


ஜூன் 18, வியாழன்

பியூலா காலை ரயிலில் வந்துவிட்டாள். அப்பாவும் மகளும் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம்.

பகல் 11, பயிற்சி. ஒரு கரண்டி. இரண்டு. மூன்று, இருமல். கொஞ்சம் பொறுத்து மறுபடி ஊட்டினேன். உள்ளங்கையைக் கவிழ்த்தார். "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று ஊட்டினேன். மூச்சு முட்டி உதடு நீலம் பாரித்துவிட்டது. பியூலா நிமிர்த்திப் பிடித்து முதுகைத் தட்டி, ஒரு வழியாகத் திரும்பியது.

பிறகு சமையலறைக்கு வந்து என்னைப் பிடிபிடியென்று பிடித்தாள். "அப்பா நிறுத்துன்னு காட்டுனாங்கல்லா? பாத்தியல்லா?"

"பாத்தேன்."

"பெறவு எதுக்கு ஊட்டுனிய? வயித்துக் கொழாய் வேணுமா வேண்டாமான்னு அப்பாட்ட ஒரு தடவையாவது கேட்டியளா?"

"அப்பாக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும்."

சொன்ன பிறகு வாய் கசந்தது. இருந்தாலும் கையெழுத்துப் போடுவதாக இல்லை. நாளைக்கு அவர் மட்டும் நன்றாகக் கை காட்டிவிட்டால் போதும், டாக்டர் வாயை அடைத்துவிடுவேன்.


ஜூன் 19, வெள்ளி

ஆஸ்பத்திரியிலிருந்து இப்போதுதான் திரும்பினோம். இவர் தூங்குகிறார். மறப்பதற்குள் எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்கு அழைத்தார்கள். நோட்டைக் கொடுத்தேன். டாக்டர் பொறுமையாகப் படம் படமாகப் பார்த்தார். பிறகு அவரே கேள்வி கேட்டார். இவர் ஒவ்வொன்றுக்கும் கை காட்டினார், தடுமாறவில்லை. டாக்டர் இரண்டு ஜூனியர்களைக் கூப்பிட்டு நிற்க வைத்துக் காட்டினார். எனக்குத் தலை கூரையை இடித்தது.

கரண்டிப் பரிசோதனை. மூன்றாவதில் இருமல்.

"நல்லா புரிஞ்சுக்கிறார், பயிற்சி கொடுக்கலாம்" என்றார் டாக்டர். "ஆனா விழுங்க மாசக்கணக்கா ஆகும். அதுவரைக்கும் மூக்குல வெச்சிருக்க முடியாதும்மா. புண்ணாயிடுச்சு, பாருங்க."

"வயித்துல வச்சிட்டா அப்புறம் வாயில கொடுக்க விட மாட்டிய."

"யாரு சொன்னது? வயித்துல குழாய் இருக்கும்போதே வாய்க்குப் பயிற்சி கொடுக்கலாமே."

யாரும் சொல்லவில்லை. நானாக நினைத்துக்கொண்டது. கேட்கவே இல்லை. அப்போதும் ஏறிய இடத்திலிருந்து இறங்க மனம் வரவில்லை. "வேண்டாம் டாக்டர், நான் பாத்துக்கிடுதேன், ரெண்டு வாரம் குடுங்க" என்றேன்.

அவர் என்னிடம் பேசுவதை விட்டுவிட்டு இவர் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டார். "ஐயா, நீங்க சொல்லுங்க. என்ன செய்யலாம்?"

இவர் முதலில் என்னைப் பார்த்தார். பிறகு இடது கையைத் தூக்கி, மூக்கைத் தொட்டார். விரலை மேலே நீட்டி உருட்டினார். வயிற்றைத் தொட்டார். விரலைக் கீழே நீட்டி உருட்டினார். வாயும் அது பாட்டுக்குச் சொன்னது, ஆரியா. கடைசியாக இரண்டு விரலையும் சேர்த்துச் சேர்த்துப் பிரித்தார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். எல்லாம் சேர்ந்தாற்போல் வந்ததில் அவருக்கு விளங்கவில்லை. நோட்டு மூடிக் கிடந்தது. பியூலாவுக்கும் இன்னும் முழுசாகப் பழகவில்லை. அந்த அறையில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மாற்றிச் சொன்னால் என்ன என்று ஒரு நொடி தோன்றியது. தோன்றியது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

இவர் கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

"மூக்குல உள்ளதை எடுத்துருங்க" என்றேன். "வயித்துல இறக்குங்க. மெதுவா."

கையைக் கீழே போட்டார்.

படிவம் கைப்பையில்தான் இருந்தது. பேனா பியூலா கொடுத்தாள். திங்கள் காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறார்கள்.